கோடையிலும் பனி விலகாத மலை: ஏறும் வழியைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

மலையேற்றத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் ஒரு வழியைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்ப்பது தூரம். அடுத்து, அந்த வழியில் எத்தனை பேர் போய் வந்திருக்கிறார்கள் என்பது. கோடை பிறந்த பிறகும் பனி கிடக்கும் உயர்ந்த மலைக்கு இந்த இரண்டும் போதாது. பதினொரு கிலோமீட்டர் வழியில் பத்தே முக்கால் கிலோமீட்டர் காய்ந்த பாதையாகவே இருக்கலாம். மீதிக் கால் கிலோமீட்டர் பனிதான் உங்களை உச்சிக்கு விடுவதா, பாதியில் திருப்பி அனுப்புவதா, கீழே உருட்டிவிடுவதா என்று முடிவு செய்யும்.

அந்தக் கால் கிலோமீட்டரைக் கிளம்புவதற்கு முன்பே கண்டுபிடித்துவிட வேண்டும். அதற்கான வேலையைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். கயிறு கட்டாமல், நடந்தே ஏறக்கூடிய மலைகளைப் பற்றி மட்டும் பேசுகிறேன். உங்கள் வழி பனியாற்றின் மேல் போகிறது என்றால் அது வேறு கதை. அங்கே பனிக்கு அடியில் விரிசல்கள் மறைந்திருக்கும்; கயிறும் அதற்கான பயிற்சியும் உள்ளவர்களோடு மட்டுமே போக வேண்டும். பல நாடுகளின் வரைபடங்களில் பனியாற்றின் மேல் ஓடும் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) நீல நிறத்தில் இருக்கும். புதியவர்கள் அந்த நீலத்தைத் தொடும் வழிகளை முதல் நாளே ஒதுக்கிவிடுங்கள்.

முதல் வேலை: பனி எங்கே மிச்சமிருக்கும் என்று கணிப்பது

பனி மலை முழுக்க ஒரே மாதிரி உருகுவதில்லை. பூமியின் வடபாதியில் தெற்கு பார்த்த சரிவுகள் முதலில் காயும், வடக்கு பார்த்தவை கடைசியில் காயும். தென்பாதியில் இது அப்படியே தலைகீழ். கிழக்குச் சரிவில் காலை வெயில் விழும். மேற்குச் சரிவில் மதியத்துக்கு மேல்தான் பனி இளகத் தொடங்கும். இதில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. வடபாதியின் கோடையில் சூரியன் நேர் கிழக்கில் உதிப்பதில்லை, வடகிழக்கில் உதிக்கிறது. அதனால் நிழல்பக்கம் என்று நீங்கள் நம்பியிருக்கும் வடகிழக்குச் சரிவில்கூட விடிந்தவுடனே வெயில் ஏறிவிடும்.

திசைக்கு அடுத்தது வடிவம். காற்று படும் முகடுகளில் குளிர்காலத்திலேயே பனி அதிகம் தங்காது. முகட்டிலிருந்து காற்று வாரிக்கொண்டு வரும் பனியெல்லாம் மறுபக்கத்துப் பள்ளங்களிலும் மலை இடுக்குகளிலும் போய்க் குவியும். செங்குத்துப் பாறைகளின் அடிவாரத்தில் பனிச்சரிவுகள் கொண்டுவந்து கொட்டிய குவியல்கள் வேறு இருக்கும். எனவே வரைபடத்தில் உங்கள் வழியை விரலால் தடவிக்கொண்டே போங்கள். சமஉயரக் கோடுகள் மலையை நோக்கி உள்வாங்கி வளையும் இடங்களை எல்லாம் பென்சிலால் வட்டமிடுங்கள். அவைதான் இடுக்குகள். பாதை மலையின் இடுப்பைச் சுற்றிப் போனால் ஒவ்வோர் இடுக்கிலும் ஒரு பனிப் பட்டையைக் குறுக்கே கடக்க நேரலாம். முகட்டின் மேலேயே போனால் பெரும்பாலும் தப்பிக்கலாம்.

பிறகு கணிப்பை நிஜத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் சில நாட்களுக்கு ஒருமுறை ஒரே இடத்தைப் படம் எடுக்கின்றன. ஒரு புள்ளி 10 மீட்டர் அளவுள்ள அந்தப் படங்களை இலவசமாகப் பார்க்கலாம். போன வாரத்துப் படத்தில் மேகம் இல்லையென்றால், நீங்கள் வட்டமிட்ட இடுக்குகளில் எவை வெள்ளையாக இருக்கின்றன என்று தெரிந்துவிடும். ஆனால் ஐந்து மீட்டர் அகலப் பட்டை அதில் தெரியாமல் போகலாம். ஐந்து மீட்டர் பட்டையும் ஆளை வழுக்க வைக்கும்.

அண்மையில் போய் வந்தவர்கள் எழுதிய பயணக் குறிப்புகளையும் தேடிப் படியுங்கள். தேதி இல்லாத குறிப்பை நம்பாதீர்கள். போன ஆண்டு இதே தேதியில் எடுத்த படமும் போதாது. ஒரு குளிர்காலத்துக்கும் அடுத்ததற்கும் பனியின் அளவு பெரிதாக மாறும். “பனி ஒன்றும் பிரச்சினையில்லை” என்று ஒருவர் எழுதியிருந்தால், அவர் எத்தனை மணிக்கு அங்கே இருந்தார், காலில் என்ன போட்டிருந்தார் என்பது தெரியாமல் அந்த வரிக்கு மதிப்பே கிடையாது.

இரண்டாவது: சரிவை அளப்பது

கெட்டியான பனியில் 30 டிகிரி சரிவு என்பது படத்தில் பார்க்கச் சாதாரணமாகத் தோன்றும். அங்கே வழுக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். உராய்வே இல்லை என்று வைத்துக்கொண்டால் மூன்றே நொடியில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். கெட்டிப்பனியில் உராய்வு மிகக் குறைவு என்பதால் நடப்பதும் அதிலிருந்து வெகுதூரம் விலகாது. வழவழப்பான மழைக்கோட்டு போட்டிருந்தால் இன்னும் மோசம்.

சரிவைக் காகித வரைபடத்திலேயே அளக்கலாம். 1:25,000 அளவு (வரைபடத்தில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 25 மீட்டர்), 20 மீட்டர் உயர இடைவெளிக் கோடுகள் என்றால், இரண்டு கோடுகளுக்கு நடுவே 1.4 மில்லிமீட்டர் இருந்தால் சரிவு 30 டிகிரி. 0.8 மில்லிமீட்டராகக் குறுகினால் 45 டிகிரி. கண்ணால் ஒரு ஜோடிக் கோட்டை அளப்பது கடினம். ஐந்து இடைவெளிகளைச் சேர்த்து அளந்து ஐந்தால் வகுங்கள். ஐந்தும் சேர்ந்து 7 மில்லிமீட்டருக்குக் கீழே வந்தால் அந்த இடத்தைச் சிவப்பில் குறியுங்கள். சரிவுக்கு ஏற்ப வண்ணம் தீட்டிக் காட்டும் இணைய வரைபடங்களும் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துங்கள், ஆனால் முழுக்க நம்பிவிடாதீர்கள். கோடுகளுக்கு நடுவே ஒளிந்திருக்கும் பத்து மீட்டர் செங்குத்தை எந்த வரைபடமும் காட்டாது. நேரில் போனதும் ட்ரெக்கிங் கம்பைச் சரிவின் மேல் கிடத்தி, அதன் மேல் போனை வைத்தால் கோணம் காட்டும் செயலி மீதியைச் சொல்லிவிடும்.

என் அனுபவத்தில், பனியில் நடந்து பழகாதவர்களுக்கு 25 டிகிரி வரை நிதானமாகப் போகலாம். 25-இலிருந்து 30 வரை உபகரணமும் (பனிக்கோடரி, பூட்ஸின் அடியில் மாட்டும் கிராம்பான் என்னும் முள்சட்டம்) அதைப் பயன்படுத்தும் பழக்கமும் வேண்டும். அதற்கு மேல் போக வேண்டுமானால் அனுபவசாலி ஒருவர் கூடவே இருக்க வேண்டும். இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான பனிச்சரிவுகள் 30-இலிருந்து 45 டிகிரிக்குள் இருக்கும் சரிவுகளில்தான் கிளம்புகின்றன. கோடையில் பழைய பனி இறுகிப் படிந்திருப்பதால் அந்த ஆபத்து குறைவுதான். ஆனால் புதுப்பனி விழுந்த மறுநாளும், இரவு முழுக்க உறையாமல் பனி ஊறிக் கிடக்கும் நாளும் விதிவிலக்கு.

மூன்றாவது: வழுக்கினால் எங்கே போய் நிற்போம்?

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பனி மூடிய சரிவில் போகும் ஒரு வழியின் ஆபத்தைச் சரிவின் கோணம் மட்டும் சொல்லாது. அதற்குக் கீழே என்ன இருக்கிறது என்பதுதான் சொல்லும். 30 டிகிரிப் பனி மெல்ல மெல்லத் தட்டையாகி ஒரு சமவெளியில் முடிகிறது என்றால், வழுக்கியவர் சிராய்ப்போடு எழுந்து நிற்பார். அதே 30 டிகிரி, பாறைக் குவியலிலோ செங்குத்து விளிம்பிலோ பனி மூடிய ஏரியிலோ முடிந்தால் அவர் எழுந்திருக்க மாட்டார்.

ஓர் எடுத்துக்காட்டோடு சொல்கிறேன். 4,200 மீட்டர் உயர மலை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்கு இரண்டு வழிகள். முதலாவது தென்கிழக்குப் பக்கமாக வளைந்து வளைந்து ஏறும் நல்ல பாதை, பதினொரு கிலோமீட்டர், ஏறக்குறைய முழுவதும் காய்ந்திருக்கிறது. 3,700 மீட்டரில் மட்டும் ஓர் இடுக்கைக் குறுக்கே கடக்க வேண்டும்: 80 மீட்டர் அகலம், 35 டிகிரி, கீழே நூறு மீட்டர் தள்ளிப் பாறை விளிம்பு. இரண்டாவது வழி மேற்குப் பக்கத்து அகன்ற பனிப்பள்ளம். ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் கடைசி 500 மீட்டர் உயரம் முழுக்கப் பனி. சரிவு எங்கும் 28 டிகிரியைத் தாண்டவில்லை. அடியில் அகலமான தட்டைப் பள்ளத்தாக்கு.

புதியவர்களிடம் கேட்டால் பத்தில் ஒன்பது பேர் முதல் வழியைக் காட்டுவார்கள். “பனி எண்பது மீட்டர்தானே!” நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன், கையில் உபகரணம் இருந்தால். அது இல்லாவிட்டால் இரண்டு வழியுமே வேண்டாம். மூன்று வாரம் பொறுத்து, அந்த எண்பது மீட்டர் உருகிய பிறகு முதல் வழியில் போவேன். எவ்வளவு பனி என்று கேட்பதைவிட, எந்த இடத்துப் பனி என்று கேட்கப் பழக வேண்டும்.

நன்றாகப் பராமரிக்கப்பட்ட பாதை என்பதும் பாதுகாப்பு அல்ல. அமெரிக்காவின் மவுண்ட் விட்னி 4,421 மீட்டர். அதன் முக்கியப் பாதையில் ஏறத்தாழ நூறு கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட ஒரு பகுதி உண்டு. பனி காய்ந்தபின் நடக்கத் தெரிந்த யாரும் ஏறலாம். பனி அதிகம் விழுந்த ஆண்டுகளில் கோடை தொடங்கிய பிறகும் அந்த வளைவுகள் புதைந்தே கிடக்கும். அப்போது அது நடைபாதையே அல்ல. பக்கத்தில் பனி மூடிய சரிவில் நேராக ஏறி இறங்க வேண்டியிருக்கும். பெயர் ஒன்று, கோடும் ஒன்று, ஆனால் மே மாதத்து வழியும் ஆகஸ்ட் மாதத்து வழியும் வேறு வேறு.

பனி உருகுவது எப்போதும் நல்லதா?

இல்லை. கலிஃபோர்னியாவின் மவுண்ட் ஷாஸ்டா 4,322 மீட்டர் உயர எரிமலை. அதில் அதிகம் பேர் ஏறும் அவலாஞ்ச் கல்ச் வழியைப் பனி கெட்டியாக மூடியிருக்கும்போது ஏறுவதுதான் நல்லது. கோடை முற்றி அந்தப் பனி போய்விட்டால், அதுவரை பிடித்து வைத்திருந்த கற்கள் உதிரத் தொடங்கும். பல மலைகளில் பனிதான் பசை. மோன் பிளாங் மலையின் பிரெஞ்சுப் பக்கத்து வழக்கமான வழியில் கூட்டே என்னும் இடுக்கைக் குறுக்கே கடக்க வேண்டும். அது கல் விழுவதற்குப் பேர் போனது. 2022 கோடையின் கடும் வெப்பத்தில் அந்த வழியில் ஆட்களைக் கூட்டிப்போவதை வழிகாட்டி நிறுவனங்கள் நிறுத்தியே வைத்தன.

எனவே பயணக் குறிப்புகளைப் படிக்கும்போது “கல்”, “சரளை” என்ற சொற்களையும் தேடுங்கள். தளர்ந்த கற்கள் நிறைந்த எரிமலைச் சரிவானால் பனி மூடியிருக்கும் கடைசி வாரங்கள் உங்களுக்கு உகந்தவை. உறுதியான பாறையில் வெட்டிய பாதையானால் பனி முழுக்கப் போகும்வரை பொறுப்பது நல்லது. எதுவானாலும் இடுக்குக்குள் நுழைகிறீர்கள் என்றால் தலையில் ஹெல்மெட் இருக்க வேண்டும்.

நான்காவது: கடிகாரத்தைப் பின்னாலிருந்து ஓட்டுவது

ஒரே பனி விடியலில் கண்ணாடி போல இருக்கும், ஒன்பது மணிக்கு பூட்ஸ் பதிய இதமாக இருக்கும், ஒரு மணிக்கு இடுப்புவரை புதைய வைக்கும். வழியைத் தேர்ந்தெடுப்பது என்றால் அந்த வழியில் எந்த நேரத்தில் எங்கே இருப்போம் என்பதையும் சேர்த்தே தேர்ந்தெடுப்பது.

முதலில் இரவு உறையுமா என்று பாருங்கள். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறையும். 1,000 மீட்டரில் இருக்கும் ஊரில் இரவு வெப்பம் 16 டிகிரி என்றால் 4,000 மீட்டரில் பூஜ்யத்துக்கு மூன்றரை டிகிரி கீழே இருக்கும், பனி உறையும். வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுக் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். அதனால் காற்று பூஜ்யத்துக்கு ஓரிரு டிகிரி மேலே இருந்தாலும் உறையலாம். மேகம் போர்த்திய இரவில் இது நடக்காது. இரவெல்லாம் மேகமூட்டம், வெதுவெதுப்பு என்றால் அன்று காலை பனி வழியை மறந்துவிடுங்கள்.

பிறகு நேரக் கணக்கு. ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் சொன்ன விதி இன்றும் பயன்படுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அதோடு ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் இன்னொரு மணி நேரம். எட்டுக் கிலோமீட்டரில் 1,500 மீட்டர் ஏற வேண்டுமானால் நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல். இது காய்ந்த பாதைக்கு, திடமான உடலுக்கு. பனிக்கும் உயரத்துக்கும் சேர்த்து நான் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்குவரை வைப்பேன். ஆக, ஆறிலிருந்து எட்டு மணி நேரம்.

இப்போது பின்னாலிருந்து வாருங்கள். கிழக்குச் சரிவில் இருக்கும் பனிப் பட்டையைத் திரும்பி வரும்போது பத்தரைக்குள் கடந்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். உச்சியிலிருந்து அதற்கு ஒன்றரை மணி நேரம். ஆகவே ஒன்பதுக்கு உச்சியை விட்டுக் கிளம்ப வேண்டும். ஏற ஏழு மணி நேரம். எனவே இரவு இரண்டு மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும். அது உங்களால் முடியாது என்றால் அந்த வழி உங்களுடையது அல்ல. மேற்குச் சரிவு வழியானால் பனி தாமதமாக இளகும், எனவே நேரம் கொஞ்சம் தாராளம். ஆனால் அங்கே விடிந்ததும் போய் நின்றால் பனி இரும்பு போல இருக்கும். கிராம்பான் இல்லாமல் ஓர் அடி வைக்க முடியாது.

ஓடைகளையும் இதே கணக்கில் சேருங்கள். பனி உருகும் நீர் ஓடைகளில் விடியலில் குறைவாகவும் மாலையில் மிக அதிகமாகவும் ஓடும். காலையில் கணுக்கால் நனையக் கடந்த ஓடை, திரும்பும்போது தொடைவரை இழுக்கும். கடைசி இரண்டு கிலோமீட்டரில் பாலம் இல்லாத ஓடை இருந்தால் அதுவும் சிவப்புக் குறிதான்.

ஐந்தாவது: இறங்கும் வழியை முதலில் தேர்ந்தெடுங்கள்

ஏறும்போது கண் பனிக்கு அருகில், கை பனியில். இறங்கும்போது முகம் வெளியே பார்த்திருக்கும், கால் தளர்ந்திருக்கும், பனி இளகியிருக்கும். ஏற முடிந்த இடத்தில் எல்லாம் இறங்க முடியாது. எனவே வட்டமாகப் போய் வரும் திட்டம் என்றால் செங்குத்தான பக்கத்தில் ஏறி, சாய்வான பக்கத்தில் இறங்குங்கள். ஏறிய வழியிலேயே திரும்புகிறீர்கள் என்றால், ஒவ்வொரு பனிப் பட்டையிலும் ஏறும்போதே நின்று, “இதில் மதியம் களைப்போடு இறங்குவேனா?” என்று கேட்டுவிட்டு மேலே போங்கள். நான் பலமுறை திரும்பி வந்ததற்கு இந்த ஒரு கேள்விதான் காரணம். அந்த மலைகள் எல்லாம் அங்கேயே இருந்தன. பிறகு போய் ஏறினேன்.

உட்கார்ந்தபடி பனியில் சறுக்கி இறங்குவது குழந்தை விளையாட்டு போலத் தெரியும். கிராம்பான் மாட்டிய காலோடு ஒருபோதும் செய்யாதீர்கள். முள் பனியில் சிக்கினால் கணுக்கால் முறியும். சரிவு முடியும் இடம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் செய்யாதீர்கள்.

கையில் இருப்பதற்கு ஏற்ற வழி

மைக்ரோஸ்பைக்ஸ் என்பவை காலணியில் மாட்டும் சங்கிலியும் குட்டி முட்களும். தட்டையான, மிதமான பனிக்கு அவை அருமை. செங்குத்துக் கெட்டிப்பனியில் பக்கவாட்டில் நடக்கும்போது அவை காலணியோடு நழுவிச் சுழலும். அங்கே கெட்டியான பூட்ஸும் கிராம்பானும் பனிக்கோடரியும் வேண்டும். கோடரியைப் பையில் தொங்கவிட்டுப் பயனில்லை. வழுக்கிய முதல் நொடியிலேயே குப்புறத் திரும்பி, அதன் மூக்கைப் பனியில் அழுத்தி நிற்கத் தெரிய வேண்டும். தட்டையில் முடியும் பாதுகாப்பான சரிவு ஒன்றில், தெரிந்தவரிடம் கற்று, இருபது முப்பது முறை விழுந்து பழகுங்கள். அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்கலாம். பழகாதவர் பனிக்கோடரி வேண்டிய வழியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, அவ்வளவுதான்.

கறுப்புக் கண்ணாடி மறக்க வேண்டாம். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். 1,000 மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். கண் எரிந்து பார்வை மங்கியவரால் எந்த வழியிலும் இறங்க முடியாது.

உயரத்துக்கு உடல் பழகுவதும் வழித் தேர்வின் ஒரு பகுதிதான். 3,000 மீட்டருக்கு மேல், தூங்கும் இடத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பது நல்லது. நடுவில் முகாம் போட இடமே இல்லாத குறுக்கு வழியைவிட, இரண்டு இரவு தங்கிப் போகும் நீண்ட வழி புதியவருக்கு நல்லது.

மலையில் போய் நின்ற பிறகு

முந்தின நாள் மாலையிலேயே எதிர்ப்பக்கத்து மேட்டிலிருந்து உங்கள் சரிவை முழுதாகப் பார்த்துவிடுங்கள். அடியிலிருந்து பார்த்தால் சரிவு குறுகித் தெரியும். எதிரே நின்று பார்த்தால்தான் உண்மை. புகைப்படம் எடுத்துப் பெரிதாக்கி, பனியில் கல் உருண்ட தடங்கள் எங்கே இருக்கின்றன என்று தேடுங்கள். புதிய கற்கள் சிதறிக் கிடக்கும் கோட்டில் நின்று இளைப்பாறக் கூடாது. முகட்டின் விளிம்பில் கூரையின் இறவாணம் போலப் பனி நீட்டிக்கொண்டிருந்தால் அதன் மேலேயும் நடக்காதீர்கள், அதற்கு நேர் கீழேயும் நடக்காதீர்கள்.

நடக்கும்போது காதும் வேலை செய்யட்டும். பனிக்கு அடியில் தண்ணீர் சலசலப்பது கேட்டால் நீங்கள் பனிப்பாலத்தின் மேல் நிற்கிறீர்கள்; எவ்வளவு தடிமன் என்று மேலிருந்து தெரியாது. விலகிப் போங்கள். பனியிலிருந்து பாறைக்கு மாறும் இடத்திலும் நிதானம் வேண்டும். வெயிலில் சூடேறிய பாறை தன்னை ஒட்டிய பனியை உள்ளிருந்தே உருக்கியிருக்கும்; பார்க்கத் தரை போல இருக்கும் விளிம்பு, கால் வைத்ததும் தொடைவரை உள்ளே விடும். கம்பால் குத்திப் பார்த்து, அகலமாக எட்டு வைத்துத் தாண்டுங்கள்.

பூட்ஸின் குதிகால் எவ்வளவு பதிகிறது என்பதை அரைமணிக்கு ஒருமுறை கவனியுங்கள். ஓரிரு விரல் அளவு பதிந்தால் நன்று. துளியும் பதியவில்லை என்றால் கிராம்பான் மாட்டும் நேரம்; சரிவில் நின்று மாட்ட முடியாது, தட்டையான இடத்திலேயே மாட்டிவிட வேண்டும். கணுக்காலுக்கு மேல் புதையத் தொடங்கினால், உச்சி கண்ணெதிரே இருந்தாலும், திரும்பும் நேரத்தைக் கடிகாரம் சொல்லும்முன் பனியே சொல்லிவிட்டது என்று பொருள்.

கடைசியாக, கிளம்புவதற்கு முன் ஒரு தாளில் எழுதிக் கீழே இருக்கும் ஒருவரிடம் கொடுங்கள்: எந்த வழியில் ஏறுகிறீர்கள், எந்த வழியில் இறங்குகிறீர்கள், சிவப்புக் குறி போட்ட இடங்கள் எவை, எத்தனை மணிக்கு எங்கிருந்தாலும் திரும்புவீர்கள், எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் மீட்புக்குழுவை அழைக்க வேண்டும். மேலே போய் வழியை மாற்ற நினைத்தால் அந்தத் தாளை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களைத் தேடி வருகிறவர்கள் அதில் எழுதிய வழியில்தான் முதலில் வருவார்கள்.